ஹௌபே என்றால் தொப்பி

கொறற்றிக்கு டொச், அதாவது ஜேர்மன் பாஷை, தெரியும் என்று ஜேர்மனியின் ஹம் நகரம் முழுவதும் பேச்சு. நகரம் முழுவதும் என்றால் அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குள் என்று கொள்ளுங்கள். எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுச் சரிபார்க்க அவர்களுக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டுமே. டாக்டரிடம் போவதென்றால் கொறற்றி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் கொறற்றி, வீட்டுக்காரன் படியேறி வந்து கத்தினால் கொறற்றி. அவளும் யாருக்கும் மாட்டேன் என்றதில்லை. பாதி விளங்கும், மீதியை எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். ஒரு நீளமான சொல் வந்தால் அதை நடுவில் இரண்டாகப் பிளந்து, இந்தப் பாதி இது, அந்தப் பாதி அது என்று கூட்டிப் பொருள் பண்ணிக்கொள்வாள். டொச்காரன் சொற்களைத் தொடுத்துத் தொடுத்துத்தானே பேசுகிறான், பிளந்தால் பிழையென்ன என்பது அவள் கட்சி. அதுவரை பிழைத்ததில்லை, அல்லது பிழைத்தது யாருக்கும் தெரியவரவில்லை.

மன்னார் பேசாலையிலிருந்து வந்தவள். வந்த புதிதில் ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். அவளுடைய டொச்சில் பெரும்பங்கு அந்தக் கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பொறுக்கியதுதான். சமையலறையை ஒரு பெரிய மனுசி ஆண்டுகொண்டிருந்தாள். தலைமயிரை மூடுகிற வலைத்தொப்பி இல்லாமல் கொறற்றி உள்ளே காலை வைத்தால் போதும், "ஹௌபே" என்று ஓர் அதட்டல் போடுவாள். காலையிலும் ஹௌபே, மத்தியானத்திலும் ஹௌபே, வீட்டுக்குப் புறப்படும்போது தொப்பியைக் கூடையில் போட மறந்தால் அதற்கும் ஹௌபே. ஹௌபே என்றால் தொப்பி. அதற்கு அகராதி பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

பிறகு நகரத்தின் விளிம்பில் இருந்த ஓர் இரும்பு வேலைத்தலத்தின் சாப்பாட்டு அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. படிக்கட்டுக் கைபிடிகளும் வாசற்கதவுகளும் செய்கிற இடம். கோப்பி ஊற்றுவதும் மேசை துடைப்பதும் அவளுடைய பொறுப்பு. தொண்ணூற்று நான்காம் ஆண்டு வசந்தத்தில் அங்கே நாலைந்து தமிழர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். வேலைத்தலத்துக்குப் பொறுப்பான மைஸ்டர் ஹார்ட்விக் கொறற்றியைக் கூப்பிட்டு, இவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லவேண்டும், நீ மொழிபெயர் என்றார். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கோப்பி ஊற்றுகிறவளை மைஸ்டர் பக்கத்தில் உட்காரவைக்கிறார் என்றால் சும்மாவா.

விதிகள் கிறைண்டரைப் பற்றியவை. இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிற அந்த மிசினை டொச்காரர் பிளெக்ஸ் என்பார்கள். அன்றைக்கு மிசின் அந்த அறையில் இருக்கவில்லை. அது பட்டறையில் வேலையாக இருந்தது. சாப்பாட்டு அறையில் இருந்தது ஒரு கடதாசியும் மைஸ்டரின் மூக்குக்கண்ணாடியும்தான். அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் தமிழில் சொன்னாள்.

"கண்ணாடி போடாமல் நிக்கப்படாது. காதையும் மூடவேணும். தகட்டை மாத்த முதல் பிளக்கைக் கழட்டிப்போடுங்கோ, சுவிட்சை மட்டும் நிப்பாட்டினால் காணாதாம். தகட்டில எழுதிக் கிடக்கிற வேகம் மிசின்ர வேகத்தைவிடக் குறைவா இருக்கப்படாது. வெட்டுற தகட்டாலை தேய்க்கவேண்டாம். ரெண்டு கையாலும் பிடியுங்கோ. சுத்துறது முழுக்க நிண்ட பிறகுதான் மிசினைக் கீழ வைக்கலாம்."

இவ்வளவும் சரி. எந்த மொழிபெயர்ப்பாளரும் இதைவிடத் திறமாகச் சொல்லியிருக்க முடியாது. கடைசி விதிக்கு வந்ததும் மைஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலை உயர்த்தினார். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்றார். சுட்ஸ்ஹௌபே இல்லாமல் ஒருபோதும் மிசினை இயக்கக்கூடாது, ஒருபோதும், என்று மேசையில் தட்டினார்.

சுட்ஸ்ஹௌபே என்ற சொல்லைக் கொறற்றி அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் பிளக்கத் தெரியுமே. சுட்ஸ் என்றால் பாதுகாப்பு. ஹௌபே என்ன என்று அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

"பாதுகாப்புத் தொப்பி இல்லாமல் ஒருநாளும் மிசினை ஓட்டப்படாதாம். இதுதான் எல்லாத்திலையும் முக்கியமாம்."

விஜயரத்தினம் என்றொருவன் கையை உயர்த்தினான். யாழ்ப்பாணத்தில் சங்கக்கடையில் வேலை பார்த்தவன், எதையும் ஒருதரம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ளுகிற ஆள்.

"தலைக்கு என்னத்துக்கு அக்கா? பொறி கீழ்ப்பக்கமாத்தானே பறக்குது?"

நல்ல கேள்வி. அதை அப்படியே டொச்சில் மைஸ்டரிடம் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெரிய மனுசர் விரலை உயர்த்திச் சொன்ன விதிக்கு ஏன் என்று கேட்பது கொறற்றிக்குக் கூச்சமாக இருந்தது. சனம் விளக்கமில்லாதது என்று நினைத்துவிடுவாரோ என்றும் இருந்தது. "சட்டம் தம்பி. போடச் சொன்னால் போடவேண்டியதுதானே," என்று முடித்துவிட்டாள். என்ன கேட்கிறான் என்று மைஸ்டர் கேட்டபோது எல்லாம் விளங்கிவிட்டதாம் என்றாள். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு வேடிக்கை நடந்தது. பாரந்தூக்கிக்குக் கீழே நிற்பவர்களுக்கென்று மூலையில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் அடுக்கியிருந்தன. தமிழர்கள் கிறைண்டரைத் தொடும்போதெல்லாம் அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அது உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஜேர்மனி பல்கேரியாவிடம் தோற்ற கோடை. வெயில் கொளுத்தியது. டொச்காரர் கையில்லாத பெனியனோடு நிற்க, இவர்கள் மட்டும் ஹெல்மெட்டுக்குள் அவிந்துகொண்டு நின்றார்கள். இவர்களுக்குத் தலையில் என்ன வருத்தம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். மைஸ்டர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அது அவர்களுடைய சமயமாக இருக்கவேண்டும் என்று தானே முடிவு கட்டினார். சீக்கியர் தலைப்பாகை கட்டுவதை எங்கோ பார்த்திருக்கிறார். மற்றவன் சமயத்தைத் துருவுவது மரியாதையில்லை என்று யாரிடமும் கேட்காமலே விட்டுவிட்டார்.

மிசினில் சுற்றுகிற தகட்டை ஒரு பக்கத்தில் மூடிக்கொண்டு அரைவட்டமாக ஓர் இரும்பு மூடி இருக்கும். தகடு உடைந்தால் துண்டுகள் ஆளின் பக்கம் வராமல் மறிப்பது அதுதான். அதற்குத் தமிழர்கள் மட்காட் என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்த்தால் சைக்கிள் மட்காட் மாதிரியேதான். யாழ்ப்பாணத்தில் பாதிச் சைக்கிள்கள் மட்காட் இல்லாமல்தான் ஓடின. மட்காட் இல்லாவிட்டால் காற்சட்டையில் சேறடிக்கும், வேறென்ன வந்துவிடப் போகிறது?

ஓகஸ்ட் மாதம் விஜயரத்தினம் ஒரு கைபிடியின் உள்மூலையை வெட்டவேண்டியிருந்தது. மட்காட் மூலையில் இடித்து, தகடு உள்ளே போகமாட்டேன் என்றது. பிளக்கைக் கழற்றினான், விதி அப்படி. மட்காட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். ஹெல்மெட்டைச் சரிபார்த்துக்கொண்டான். கண்ணாடி, காதுமூடி எல்லாம் ஒழுங்கு. இரண்டு கையாலும் பிடித்து மிசினை உள்ளே விட்டான். தகடு மூலையில் சிக்கி வெடித்தது.

சாப்பாட்டு அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கொறற்றிக்குச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவனை நிலத்தில் கிடத்தியிருந்தார்கள். இடது கையைத் துணியால் சுற்றி ஒருவன் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், துணி முழுக்க நனைந்திருந்தது. கழுத்திலும் ஒரு கீறல், இன்னும் கொஞ்சம் ஆழப் பட்டிருந்தால் ஆளே இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டில் ஒரு கோடுகூட விழவில்லை. "தொப்பி போட்டிருந்தும் இப்பிடி," என்று றெக்ஸ் அழுதான். எசன் நகரத்திலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிற தமிழ் இளந்தாரி அவன். கொறற்றியும் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஓம், போட்டிருந்தும் இப்படியே என்றுதான் அழுதாள்.

கையைத் தைத்துவிட்டார்கள். ஆனால் மூன்று விரல்கள் மடங்கவில்லை. விரலைவிடப் பெரிய கவலை ஒன்று விஜயரத்தினத்துக்கு இருந்தது. மனைவி சாந்தாவும் மகள் மிதுஷாவும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவனுக்கு நிரந்தர வேலை இருக்கும்வரைதான் அந்த விசாவுக்கு வழி. விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி வருவார், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறோம் என்றது வேலைத்தலம். தற்செயலாக நடந்ததென்றால் களஞ்சியத்தில் ஒரு கையால் செய்யக்கூடிய வேலை தருவார்கள். விதியைத் தெரிந்துகொண்டே மீறினான் என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

விசாரணைக்கும் கொறற்றியைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? மைஸ்டரின் அறைக்கு வெளியே நிற்கும்போது விஜயரத்தினம் மெல்லச் சொன்னான்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ அக்கா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் ஒரு விதியும் மீறேல்லை. அதைச் சொன்னால் காணும்."

"ஓம் தம்பி, அப்பிடியே சொல்லுறன்."

அவனுக்காக அவள் காலையில் கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவளும் முழுதாக நம்பினாள்.

அதிகாரி மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசினார். நீங்கள் மொழிபெயர்த்தால் மட்டும் போதும், சொந்தமாக எதுவும் சேர்க்கவேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். விதிகளை உங்களுக்கு விளக்கினார்களா என்று விஜயரத்தினத்திடம் கேட்டார். விளக்கினார்கள் என்றான். உங்கள் பாஷையிலா? ஆம், இந்த அக்காதான் சொன்னவ. சுட்ஸ்ஹௌபே பற்றியும் சொன்னார்களா?

"தொப்பியைப் பற்றிச் சொன்னவையோ எண்டு கேக்கினம்."

"ஓம், அதுதானே முக்கியமெண்டு சொன்னவை. நான் ஒருநாளும் தொப்பியைக் கழட்டேல்லை. வெயில் எரிக்கேக்கையும் போட்டபடிதான் நிண்டனான். கூட நிண்ட ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ."

கொறற்றி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சுட்ஸ்ஹௌபே பற்றி நன்றாகத் தெரியும் என்கிறார். சுட்ஸ்ஹௌபேயை ஒருநாளும் கழற்றியதில்லை என்கிறார். வெயிலிலும் கழற்றவில்லை என்கிறார்.

அதிகாரியின் பேனை நின்றது. மைஸ்டர் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். விபத்து நடந்த நேரத்திலும் கழற்றவில்லையா என்று அதிகாரி ஆறுதலாக இன்னொரு தரம் கேட்டார்.

"பிள்ளையாராணை கழட்டேல்லை," என்றான் விஜயரத்தினம்.

கடவுள்மேல் ஆணையாக இல்லை என்கிறார், என்றாள் கொறற்றி.

அதிகாரி பெருமூச்சு விட்டுக் கீழே இருந்த பையை எடுத்தார். அதிலிருந்து அரைவட்ட இரும்பு மூடியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அப்படியென்றால் இது எப்படி மிசினில் இல்லாமல் மேசையில் கிடந்தது என்று கேட்டார்.

விஜயரத்தினத்துக்கு முகம் தெளிந்துவிட்டது. "இது மட்காட் எல்லோ. மூலைக்க இடிச்சது, அதுதான் கழட்டி வைச்சனான்," என்றான் சாதாரணமாக.

கொறற்றி அதை மொழிபெயர்க்கவில்லை. அவள் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நீட்டி, இதற்கு என்ன பெயர் என்று தானே கேட்டாள்.

"அதுதான் சுட்ஸ்ஹௌபே," என்றார் அதிகாரி.

கோடை முழுவதும் அவிந்துகொண்டு நின்ற மஞ்சள் ஹெல்மெட்டுகள், நனைந்த துணி, தொப்பி போட்டிருந்தும் இப்படியே என்று தான் அழுத அழுகை, எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. இந்த மனுசனின் கையை வெட்டியது தன் வாய்தான் என்று நினைத்தாள். அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது என்று இருந்தது.

ஆனால் சாகாமல் பேசத்தான் செய்தாள். நிதானமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை எடுபட்டிருக்குமோ என்னவோ. பதறினால் ஓடிப்போவது முதலில் அரைகுறையாய்ப் படித்த பாஷைதான்.

"நான் பிழை. அவர் இல்லை பிழை. நான் சொன்னேன் தொப்பி. ஹௌபே, தொப்பி. சமையலறை, தொப்பி." இரண்டு கையாலும் தலையைத் தொட்டுக் காட்டினாள். "அவர் தொப்பி நல்லாகப் போட்டார். இந்த இரும்பு நான் சொல்லவில்லை."

தயவுசெய்து மொழிபெயர்ப்பதோடு நில்லுங்கள் என்றார் அதிகாரி.

"இல்லை. நான் பிழை. எழுதுங்கள், நான் பிழை."

மைஸ்டர் யன்னலை விட்டுத் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் வினை. "கொறற்றி, உங்களுக்கு நல்ல மனம்," என்றார். அதிகாரியும் தலையசைத்தார். உங்கள் நாட்டவருக்கு உதவ விரும்புகிறீர்கள், அது விளங்குகிறது, யாரும் அதைத் தவறாக எடுக்கமாட்டார்கள். ஆனால் முதலில் இவர் கழற்றவே இல்லை என்று சத்தியம் செய்தார். இரும்பைக் காட்டிய பிறகு நீங்கள் வேறு கதை சொல்கிறீர்கள். நான் எதை எழுதுவது?

அவளிடம் சாட்சி இருந்தது. கோடை முழுவதும் இத்தனை பேர் ஏன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள், கேட்டுப் பாருங்கள், என்று சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் பார்த்தாள். "எல்லாத் தமிழர். எல்லாருக்கும் தொப்பி. வெயில், தொப்பி. ஏன்? ஏன்?" என்றாள்.

அதிகாரி மைஸ்டரைப் பார்த்தார்.

"அது அவர்களுடைய சமயம்," என்றார் மைஸ்டர், குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். கொறற்றிக்கு இல்லை, இல்லை என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்படியே நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தாலும், என்று அதிகாரி ஆறுதலாகச் சொன்னார், முக்கியமான விதியே விளங்காத ஒருவரை இந்த வேலைத்தலம் எப்படித் தொடர்ந்து வைத்திருப்பது? மைஸ்டரும் அதற்கு ஆம் என்று தலையாட்டினார். விளங்கியிருந்தால் குற்றவாளி, விளங்காவிட்டால் உதவாதவன். இரண்டு கதவும் ஒரே பக்கம் திறந்தன.

"என்ன அக்கா நடக்குது?" என்றான் விஜயரத்தினம். அவன் இவ்வளவு நேரமும் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். தமிழில் சொல்வதும் இலகுவாக இருக்கவில்லை.

"நான் தொப்பி எண்டு சொன்னது பிழை தம்பி. இந்த மட்காட்டைத்தான் கழட்டவேண்டாமெண்டு அண்டைக்குச் சொன்னவை. எனக்குச் சொல் தெரியாமல் போச்சு."

அவன் இரும்பைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"அப்ப அந்தத் தொப்பி?"

"அது சும்மா."

"நீங்கள்தான் பிழை விட்டதெண்டு இவைக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான் தம்பி. நம்புறாங்கள் இல்லை. உன்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறாங்கள்."

"உங்களுக்குச் சொல்லத் தெரியேல்லையோ, அவங்களுக்கு விளங்கேல்லையோ?"

அவன் கத்தியிருந்தால், ஏசியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கதிரையை மெல்லப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, மைஸ்டருக்கும் அதிகாரிக்கும் தலையைக் குனிந்துவிட்டு வெளியே போனான்.

அடுத்த கிழமை அவனை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். கொறற்றியை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால் மைஸ்டர் அவளிடம் முன்னைவிட அன்பாக நடந்துகொண்டார், அவளுடைய நல்ல மனதைப் பற்றி அலுவலகப் பெண்களிடமும் சொல்லியிருந்தார். அந்த அன்பு அவளுக்கு அடி மாதிரி விழுந்தது. விசாரணை முடிந்த அன்றே அவள் உடைமாற்றும் அறை வாசலில் நின்று, மட்காட்டைக் கழற்றவேண்டாம், செத்தாலும் கழற்றவேண்டாம் என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். "அப்ப தொப்பி, அக்கா?" என்று றெக்ஸ் கேட்டான். வேண்டாம் என்றாள். மறுநாள் தமிழர்கள் வெறுந்தலையோடு மிசினில் நிற்பதைப் பார்த்த டொச்காரர், என்ன, மதம் மாறிவிட்டார்களா என்று பகிடி பண்ணினார்கள். ஏன் என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

விஜயரத்தினம் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். ரயில் நிலையத்தில் கண்டால் நேர அட்டவணையை வாசிப்பவன்போல் திரும்பிக்கொள்வான். அது நியாயம் என்றே அவள் நினைத்தாள். வீட்டில் கணவன் அல்பேர்ட், நீ வேண்டுமென்று செய்ததா, விடு என்று சொன்னான். வேண்டுமென்று செய்திருந்தாலாவது யாராவது நம்பியிருப்பார்கள் என்று அவள் சினந்து விழுந்தாள். யார் கூப்பிட்டாலும் மொழிபெயர்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். பல்லுவலிக்காரர்கூடத் தனியே போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார்கள்.

கார்த்திகை மாதம் ஒருநாள் பின்னேரம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் விஜயரத்தினம் நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மழைச்சட்டையின் பொத்தான்கள் பூட்டாமல் கிடந்தன, ஒரு கையால் பூட்டுவது சிரமம்போலும்.

"வெளிநாட்டார் கந்தோரில தெர்மீன் கிடக்கு, வரச் சொல்லி நேரம் குடுத்திருக்கினம். சாந்தாவையின்ர விசா அலுவல். பாஷை தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"வேற ஆரையும் கேக்கேல்லையோ தம்பி?"

"கேட்டனான். எசனில இருக்கிற கிருஷ்ணமூர்த்தி அண்ணைக்கு வேலையாம். ஆரும் இருந்தால் இஞ்ச வருவனோ அக்கா."

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அவளுக்குக் கண் கலங்கியது.

"எனக்கு முழுக்கத் தெரியாது. அரைவாசிதான் தெரியும். மிச்சத்தை நானே கட்டிச் சொல்லுறனான். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லி வந்திருக்கிறன்."

"அது எனக்கு விளங்கியிட்டுது," என்றான் அவன். "தெரியாத சொல் வந்தால் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். கோப்பைப் புரட்டி, வேலை இல்லை, ஆம், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஒரு நீளமான வாக்கியத்தைச் சொன்னாள். வேலை என்பது கொறற்றிக்கு விளங்கியது. மனைவி, பிள்ளை என்பவை விளங்கின. கடைசியில் ஒரு பெரிய சொல் வந்தது. சுறூக்கெஸ்டெல்ட். நிராகரிப்பு என்பதற்கான சொல் அவளுக்குத் தெரியும், அகதியாக வந்த எந்தத் தமிழருக்கும் அந்தச் சொல் மனப்பாடம். இது அது இல்லை. பழைய பழக்கத்தில் அவள் மனம் அதை நடுவில் பிளந்தது. சுறூக் என்றால் திரும்ப. கெஸ்டெல்ட் என்றால் வைத்தது, நிறுத்தியது, அப்படி ஏதோ. கூட்டிப் பார்த்தாள். பொருள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆறுதலாக, மெல்லச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் அதே சொல்லை உரத்துச் சொன்னாள். சுறூக்கெஸ்டெல்ட். விண்ணப்பத்தை மறுக்கவில்லை, அவனுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை ஒத்திவைத்திருக்கிறோம் என்பதுதான் அவள் சொன்னது. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல அந்த அறையில் ஆளில்லை.

"என்ன சொல்லுறா?" என்றான் விஜயரத்தினம்.

"வேலை இல்லாதபடியால் எண்டு ஏதோ சொல்லுறா. கடைசிச் சொல் எனக்குத் தெரியாது தம்பி."

அவன் முகம் வெளுத்திருந்தது. "சுறூக் எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. திருப்பி அனுப்பப் போறாங்களோ?"

"தெரியாது."

"நல்லதோ கெட்டதோ, அதெண்டாலும் தெரியுமோ?"

அந்தப் பெண் இவர்களுக்குப் பின்னால் நின்றவரைக் கண்ணால் கூப்பிட்டுவிட்டாள். கொறற்றிக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் வாய் துடித்தது. நல்லதுதான் தம்பி, யோசிக்காதே என்று சொல்லியிருந்தால், அன்றைக்கு அது சரியாகவும் இருந்திருக்கும்.

"தெரியாது," என்றாள்.

"ஓம்," என்றான் அவன். "ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலயிருந்து சாந்தா கோல் எடுத்துக் கேப்பா." பொத்தான் பூட்டாத சட்டையை வலது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். கொறற்றி அவனுக்குப் பின்னால் போனாள்.